பெண்கள் கால்பந்தில் வேகமும் உடற்தகுதியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெண்கள் கால்பந்து அணிகளுக்கு உடற்தகுதிப் பயிற்சி கொடுப்பது என் வேலை. வீராங்கனைகள், அவர்களுடைய பெற்றோர், புதிதாகக் கோச் ஆனவர்கள் என யார் வந்தாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். கிரவுண்ட் ஓரத்தில் விசிலை வாயில் வைத்துக்கொண்டு பாதிப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

ஒரு மேட்ச்சில் ஒரு வீராங்கனை எவ்வளவு தூரம் ஓடுகிறார்?

உயர்மட்டப் போட்டிகளில் கோல்கீப்பரை விட்டுவிட்டுப் பார்த்தால் 9 முதல் 11 கிலோமீட்டர் வரை. மிட்ஃபீல்டர்கள் அதிகம் ஓடுவார்கள், சென்டர் பேக் கொஞ்சம் குறைவாக. இந்தத் தூரத்தில் பெரும்பகுதி நடையும் மெல்லோட்டமும்தான். பெண்கள் உலகக் கோப்பை ஆட்டங்களை அலசும்போது ஃபிஃபா மணிக்கு 19 முதல் 23 கிலோமீட்டர் வரையான வேகத்தை ஒரு பிரிவாகவும், 23-க்கு மேற்பட்டதை ஸ்பிரின்ட்டாகவும் கணக்கிடுகிறது. இந்தக் கடைசிப் பிரிவில் சேரும் தூரம் பெரும்பாலும் சில நூறு மீட்டரைத் தாண்டாது. ஒவ்வொரு ஸ்பிரின்ட்டும் 2 முதல் 4 வினாடி, அவ்வளவுதான்.

அவ்வளவு குறைவு என்றால் அதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?

ஆட்டம் முடிவாவது அந்தச் சில வினாடிகளில்தான். டிஃபென்டரின் பின்னால் போடப்படும் பந்து, எதிர்த்தாக்குதல், கோல் வாய்க்கு முன்னால் முதலில் காலை நீட்டுவது என எதை எடுத்தாலும் நிதானமாக ஓடிச் செய்யும் வேலை இல்லை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். வினாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் இரண்டு பேர் ஒரே பந்தை நோக்கி ஓடுகிறார்கள். ஒருத்தி 0.05 வினாடி முந்தினால் இடைவெளி 35 சென்டிமீட்டர். பந்துக்கும் எதிராளிக்கும் நடுவே தோளை நுழைக்க அது போதும். தோள் உள்ளே போய்விட்டால் பின்னால் வருபவள் ஃபவுல் செய்யலாம், அல்லது வேடிக்கை பார்க்கலாம்.

தினமும் கிரவுண்டைப் பத்துச் சுற்று ஓடவைக்கிறோம். ஆனாலும் வேகம் கூடவில்லையே?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இது. சற்று நீளமாகவே பதில் சொல்கிறேன்.

சுற்று ஓடினால் சுற்று ஓடும் திறமை வளரும். முழு வேகம் என்பது வேறு சரக்கு. முதல் சில வினாடிகளுக்குத் தசை பயன்படுத்தும் எரிபொருள் கிரியாட்டின் பாஸ்பேட். தசைக்குள் அது இருப்பதே கொஞ்சம்தான். ஒருமுறை முழு வேகத்தில் ஓடிவிட்டால் அது நிரம்ப நேரம் ஆகும். பாதி நிரம்ப ஏறக்குறைய அரை நிமிடம், முழுவதும் நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடம். அதற்கு முன்பே அடுத்த ஓட்டத்துக்கு விசில் ஊதினால், அந்தப் பெண் முழு முயற்சி போடுவாள், முழு வேகம் மட்டும் வராது. நரம்பும் தசையும் அந்த மெதுவான ஓட்டத்தைத்தான் பழகிக்கொள்ளும்.

ஒரு மாலை இதைக் கண்ணெதிரே காட்டினேன். புதிதாக வந்த உதவிக் கோச் ஒருவர், '20 வினாடி ரெஸ்ட் போதாதா?' என்று கேட்டார். அதையே செய்து பார்க்கலாம் என்று ஒரு விங்கரை 30 மீட்டர் ஓடவிட்டோம். முதல் ஓட்டம் 4.7 வினாடி. இருபது வினாடி இடைவெளியில் ஆறாவது ஓட்டம் 5.1. முகம் சிவந்து, முழங்காலில் கை ஊன்றி நின்றாள். பார்த்தவர்களுக்கெல்லாம் அது 'நல்ல பயிற்சி' போலத்தான் தெரிந்தது. இரண்டு நாள் கழித்து அதே ஆறு ஓட்டம், நடுவில் மூன்று நிமிடம். ஆறும் 4.7-ஐ ஒட்டியே வந்தன. வியர்வை குறைவு, அலட்டல் இல்லை. வேகத்தை வளர்க்கும் பயிற்சி வெளியிலிருந்து பார்க்கச் சோம்பேறித்தனம் போலத் தெரியும். அந்தத் தோற்றத்தைப் பொறுத்துக்கொள்ள முடியாமல்தான் பல கோச்கள் அதைக் கெடுக்கிறார்கள்.

கைக்கணக்கு இது: முழு வேகத்தில் ஓடிய ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு நிமிட ஓய்வு. பயிற்சியின் தொடக்கத்தில், வார்ம்-அப் முடிந்த கையோடு, 10 முதல் 30 மீட்டர் வரையான ஓட்டங்கள். ஒரு நாளில் மொத்தம் 200, 300 மீட்டர் போதும். வாரம் இரண்டு நாள். டைமிங் மோசமாகத் தொடங்கினால் அன்றைக்குக் கடையைக் கட்டிவிட வேண்டும்.

10 மீட்டரை அளப்பதா, 30 மீட்டரையா?

இரண்டையும், ஒரே ஓட்டத்தில். கிளம்பும் வேகமும் உச்ச வேகமும் தனித்தனித் திறமைகள்.

என் குறிப்பேட்டிலிருந்து இரண்டு வரிகள். ஒரு மிட்ஃபீல்டர்: 10 மீட்டர் 1.86, 30 மீட்டர் 4.72. ஒரு விங்கர்: 10 மீட்டர் 1.96, 30 மீட்டர் 4.66. முப்பது மீட்டரை மட்டும் பார்த்தால் இருவரும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பிரித்துப் பார்த்தால் கதை வேறு. கடைசி 20 மீட்டரை மிட்ஃபீல்டர் 2.86 வினாடியிலும் விங்கர் 2.70 வினாடியிலும் கடந்திருக்கிறார்கள். விங்கருக்கு ஓட்டம் பிடித்த பிறகு குறையே இல்லை, கிளம்புவதில்தான் தடுமாற்றம். அவருக்குக் கால் வலுவும், எடை இழுத்து ஓடும் ஸ்லெட் பயிற்சியும், மேட்டில் ஏறி ஓடுவதும் கொடுத்தோம். மிட்ஃபீல்டருக்கு 20 மீட்டர் மெல்ல வேகம் கூட்டி, அடுத்த 20 மீட்டரை உச்ச வேகத்தில் பறக்கும் ஓட்டங்கள். இருவருக்கும் ஒரே பயிற்சியைக் கொடுத்திருந்தால் ஒருவருக்காவது அது வீண்.

என் 30 மீட்டர் டைமிங் 4.5. தேசிய அளவுக்கு இது போதுமா?

எதால் அளந்தீர்கள் என்பதைச் சொல்லாமல் இந்த எண்ணுக்கு மதிப்பில்லை. ஆள் கடக்கும்போது தானே நேரத்தைப் பதியும் எலக்ட்ரானிக் டைமிங் கேட்டைவிடக் கை ஸ்டாப்வாட்ச் ஏறக்குறைய 0.2 வினாடி குறைத்துக் காட்டும், ஏனென்றால் ஓட்டம் தொடங்கியதைக் கண் பார்த்து விரல் அமுக்குவதற்குள் நேரம் ஓடிவிடும். முதல் கேட்டுக்கு அரை மீட்டர் பின்னால் நின்று கிளம்பினால் ஒரு டைமிங், கோட்டை ஒட்டி நின்றால் இன்னொன்று. புல்லும் செயற்கைத் தரையும் வேறு. அளக்கும் முறை ஒழுங்காக இருந்தால், 30 மீட்டரை 4.3 முதல் 4.6 வினாடிக்குள் கடப்பவர்கள் உயர்மட்ட அணிகளில் இருப்பார்கள். ஆனால் அடுத்தவர் எண்ணோடு ஒப்பிடுவதைவிட உங்கள் போன மாத எண்ணோடு ஒப்பிடுவதில்தான் பயன் அதிகம்.

வெயிட் தூக்கினால் உடம்பு பருத்து வேகம் குறைந்துவிடாதா? அம்மா கவலைப்படுகிறார்.

அம்மாவிடம் இதைக் காட்டுங்கள். முதல் சில வாரங்களில் கூடும் வலுவில் பெரும்பகுதி, இருக்கும் தசையை நரம்புகள் இன்னும் நன்றாக வேலை வாங்கக் கற்றுக்கொள்வதால் வருவது. தசை அளவு கூடுவது மெதுவாக நடக்கும் விஷயம். அதற்கு ஏராளமான உணவும் மாதக்கணக்கில் உழைப்பும் வேண்டும், வாரம் இரண்டு நாள் ஜிம்முக்குப் போய்விட்டு வந்தால் தற்செயலாக நடந்துவிடாது.

வேகம் என்பது தரையை எவ்வளவு பலமாக, எவ்வளவு குறைந்த நேரத்தில் உதைக்கிறீர்கள் என்பது. அதனால்தான் நின்ற இடத்தில் உயரக் குதிப்பவர்கள் பெரும்பாலும் வேகமாகவும் ஓடுகிறார்கள். ஸ்குவாட், டெட்லிஃப்ட், இடுப்பை உயர்த்தும் ஹிப் த்ரஸ்ட், ஒற்றைக் காலில் செய்யும் பயிற்சிகள், கெண்டைக்கால் பயிற்சி. எடையைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். கைக்கு ஒரு கிலோ டம்பெல்லை வைத்துக்கொண்டு ஐம்பது முறை ஆட்டுவதால் ஸ்பிரின்ட்டுக்கு ஒரு நன்மையும் இல்லை. பெண்கள் என்றதும் அந்தச் சின்ன டம்பெல்லை எடுத்து நீட்டும் பயிற்சியாளர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

கடைசி 15 நிமிடத்தில் கால் நகர மறுக்கிறது. அப்போது சுற்று ஓடுவது உதவாதா?

இங்கேதான் ஸ்டாமினா வருகிறது. ஒரு ஸ்பிரின்ட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் கிரியாட்டின் பாஸ்பேட் மறுபடி நிரம்ப ஆக்சிஜன் தேவை. ஆக்சிஜனை எடுத்துப் பயன்படுத்தும் திறன் நன்றாக இருப்பவர் சீக்கிரம் தேறுவார், 80-ஆவது நிமிடத்திலும் ஓடுவார். ஆகவே ஸ்டாமினா வேகத்தை உண்டாக்காது, இருக்கும் வேகத்தைத் திரும்பத் திரும்ப எடுக்க உதவும்.

அதற்கும் ஒரே சீரான நீள ஓட்டத்தைவிடக் கடுமையான இடைவெளி ஓட்டமே மேல். நான்கு நிமிடம் இதயத் துடிப்பு உச்சத்தின் 90 முதல் 95 சதவீதத்தில் ஓட்டம், மூன்று நிமிடம் மெல்லோட்டம், இப்படி நான்கு முறை. சின்னக் கட்டத்துக்குள் பந்து வைத்து நான்கு பேருக்கு நான்கு பேர் ஆடினாலும் ஏறக்குறைய அதே பலன் கிடைக்கும், பிள்ளைகளும் சலிக்கமாட்டார்கள். ஒரே குறை, அந்தக் கட்டத்துக்குள் உச்ச வேகத்தை எட்ட இடம் இருக்காது. அதனால் சின்ன ஆட்டம் மட்டுமே ஆடும் அணி ஸ்பிரின்ட்டையே மறந்துவிடும்.

அளக்க யோ-யோ டெஸ்ட் நல்லது. 20 மீட்டர் போய் 20 மீட்டர் திரும்ப வேண்டும், பிறகு 10 வினாடி மெல்லோட்டம். முதல் நிலை மணிக்கு 10 கிலோமீட்டரில் தொடங்கி பீப் ஒலிக்கு ஏற்ப வேகம் கூடும். இரண்டு முறை கோட்டைத் தவறவிட்டால் வெளியே. இன்னொன்று, 30 மீட்டரைக் குறைந்த ஓய்வில் ஆறு முறை ஓடவிட்டு எவ்வளவு தளர்கிறார் என்று பார்ப்பது. மிகச் சிறந்த டைமிங் 4.6 என்றால் ஆறுக்கு 27.6. உண்மையில் மொத்தம் 29.0 வந்திருந்தால் தளர்ச்சி ஏறக்குறைய 5 சதவீதம். ஒரு எச்சரிக்கை: இந்த டெஸ்ட்டில் தந்திரசாலிகள் முதல் ஓட்டத்தையே மெதுவாக ஓடித் தளர்ச்சியைக் குறைத்துக் காட்டுவார்கள். அதனால் முதல் ஓட்டத்தை அவர்களுடைய வழக்கமான 30 மீட்டர் டைமிங்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பீரியட்ஸ் நாட்களில் ஸ்பிரின்ட் செய்யலாமா?

செய்யலாம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வந்த ஓர் அலசல், மாதவிடாயின் முதல் சில நாட்களில் செயல்திறன் சற்றுக் குறையக்கூடும், ஆனால் சராசரியில் அது மிகமிக அற்பம் என்றது. சராசரி அற்பம் என்றாலும் ஆளுக்கு ஆள் அனுபவம் வேறு. ஒருத்திக்கு ஒன்றுமே தெரியாது. இன்னொருத்தி வயிற்றுவலியில் சுருண்டு கிடப்பாள். எல்லோருக்கும் பொதுவான ஒரு 'சுழற்சி அட்டவணை' போட்டுப் பயிற்சியை மாற்றுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவரவர் தேதி, வலி, தூக்கம், அன்றைய டைமிங் ஆகியவற்றை மூன்று நான்கு மாதம் குறித்து வந்தால் அவரவருக்கான பதில் அதிலேயே தெரிந்துவிடும். அந்தக் குறிப்பைக் கோச்சுக்குக் காட்டுவதா வேண்டாமா என்பது அந்தப் பெண்ணின் விருப்பம்.

உடலைத் தவிர மனக்கவலையும் உண்டு. கறை தெரிந்துவிடுமோ என்ற பயத்தோடு யாரும் முழு எட்டு வைத்து ஓட முடியாது. இங்கிலாந்து பெண்கள் அணி 2023-இல் வெள்ளை ஷார்ட்ஸை விட்டு நீலத்துக்கு மாறியது வீராங்கனைகள் இதைச் சொன்னதால்தான். உங்கள் அணி ஜெர்சியைத் தேர்ந்தெடுப்பவர் யாரோ, அவரிடம் பேசுங்கள்.

பயிற்சி ஒழுங்காகப் போகிறது, ஆனால் டைமிங் மாதாமாதம் மோசமாகிறது. என்ன காரணம்?

முதலில் தூக்கத்தையும் பயிற்சிச் சுமையையும் பாருங்கள். அவை சரி என்றால் இரண்டு சந்தேகங்கள்.

ஒன்று இரும்புச்சத்து. மாதாமாதம் ரத்தப்போக்கு, அதோடு கடும் பயிற்சி. ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே உடலின் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம். அதைக் காட்டுவது ஃபெரிட்டின் பரிசோதனை. பார்த்த பிறகு மருத்துவர் சொன்னால் மட்டும் மாத்திரை. நீங்களாக வாங்கி விழுங்க வேண்டாம், இரும்பு கூடினாலும் தொல்லைதான்.

இன்னொன்று போதாத உணவு. செலவழிக்கும் அளவுக்குச் சாப்பிடாவிட்டால் உடல் ஒவ்வொரு துறையாக விளக்கை அணைக்கத் தொடங்கும். மாதவிடாய் நிற்கும், எலும்பு மெலியும், காயம் ஆறத் தாமதமாகும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் இதற்கு ஒரு பெயரே வைத்தது. தமிழில் சொன்னால் விளையாட்டில் வரும் ஆற்றல் பற்றாக்குறை. 'கொஞ்சம் இளைத்தால் இன்னும் வேகமாக ஓடலாம்' என்ற பேச்சில்தான் இது பெரும்பாலும் தொடங்கும். நான் பார்த்த ஒரு ஸ்ட்ரைக்கர் மூன்று கிலோ குறைத்தாள். இரண்டு வாரம் டைமிங் நன்றாக வந்தது, எல்லோரும் பாராட்டினார்கள். நான்காவது மாதம் பாதத்தில் எலும்பு விரிசல். மருத்துவர் கேட்ட பிறகுதான், பீரியட்ஸ் நின்று மூன்று மாதம் ஆகிறது என்று சொன்னாள். எங்களில் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. மூன்று மாதம் வராவிட்டால் மருத்துவரைப் பார்ப்பது கட்டாயம், 'நல்லதாப் போச்சு, தொல்லை விட்டது' என்று விட்டுவிடக் கூடாது.

பெண்களுக்கு முழங்கால் லிகமென்ட் அதிகம் கிழிகிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஏ.சி.எல். எனப்படும் முன் சிலுவை லிகமென்ட் கிழியும் வாய்ப்பு ஆண் வீரர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். பெரும்பாலும் யாரும் இடிக்காமலேயே நடக்கும். வேகமாக ஓடிவந்து பிரேக் போடும்போது, திசை திருப்பும்போது, குதித்து ஒற்றைக் காலில் இறங்கும்போது. உடலமைப்பு, ஹார்மோன் என்று நிறையப் பேசப்படுகிறது. ஆனால் சிறு வயதிலிருந்தே வலுப் பயிற்சி கிடைக்காதது, மோசமான மைதானம், ஆண்களின் பாதத்துக்கு வடிவமைத்த பூட் போன்றவையும் பேசப்பட வேண்டியவை. நம்மால் மாற்ற முடிந்தவை இவைதான்.

ஃபிஃபா 11+ என்ற வார்ம்-அப் இலவசமாகவே கிடைக்கிறது. மொத்தம் 15 பயிற்சிகள், 20 நிமிடம். முதலில் மெல்லோட்டம், நடுவில் வலு, குதித்தல், சமநிலை, கடைசியில் வேக ஓட்டமும் திசைமாற்றமும். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்கள் 1892 பேரிடம் நடத்தி 2008-இல் வெளியான ஆய்வில், இதைச் செய்த அணிகளில் கடுமையான காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன.

ஆனால் எப்படிச் செய்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குதித்து இறங்கும் பயிற்சியில் நான் முன்னால் போய்க் குனிந்து நிற்பேன். முழங்கால் பாத விரல்களுக்கு நேராக மடங்குகிறதா, உள்பக்கம் சாய்கிறதா என்று பார்ப்பேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். நன்றாக இறங்குபவளின் சத்தம் மெத்தென்று இருக்கும். 'தொப்' என்று கேட்டால் இடுப்பும் முழங்காலும் மடங்கவில்லை என்று பொருள்.

ஹாம்ஸ்ட்ரிங் (தொடைப் பின்தசை) அடிக்கடி பிடித்துக்கொள்கிறது. ஸ்பிரின்ட்டையே தவிர்க்கலாமா?

காயம் ஆறும் வரை, பிசியோ சொல்லும் வரை, ஆம். அதன் பிறகு தவிர்ப்பதுதான் ஆபத்து. வாரக்கணக்கில் உச்ச வேகத்தைத் தொடாத தொடைப் பின்தசையை மேட்ச்சில் திடீரென்று முழுதாக இழுத்தால் அது கிழியத்தான் செய்யும். வாரம் ஒருமுறையாவது உச்ச வேகத்தின் 90 சதவீதத்துக்கு மேல் ஓடியிருக்க வேண்டும். கூடவே, முழங்காலிட்டு உடலை மெதுவாக முன்னால் சாய்க்கும் நார்டிக் பயிற்சி.

ஏணிப் பயிற்சியால் வேகம் கூடுமா?

தரையில் விரித்த ஏணிக் கட்டங்களுக்குள் கால் மாற்றும் வேகம் கூடும். வார்ம்-அப்புக்குப் பரவாயில்லை.

எந்த வயதில் தொடங்கலாம்?

ஓடிப்பிடித்து விளையாடும் வயதிலேயே. பெண் குழந்தைகள் சராசரியாக 12 வயதை ஒட்டி மிக வேகமாக உயர்கிறார்கள், ஆண் குழந்தைகளைவிட ஏறக்குறைய இரண்டு ஆண்டு முன்னதாக. அந்தச் சமயத்தில் கை கால் நீண்டு, ஓட்டம் தடுமாறி, டைமிங் கொஞ்ச காலம் தேங்கும். அப்போது 'இவளுக்கு வேகம் வராது' என்று ஓரங்கட்டுவதுதான் நான் பார்த்த மிகப் பெரிய அநியாயம். ஓராண்டு பொறுத்து, உடல் எடைப் பயிற்சியும் சரியாகக் குதித்து இறங்கவும் கற்றுக்கொடுங்கள். நல்ல ஸ்போர்ட்ஸ் பிராவும் இந்த வயதில்தான் தேவைப்படத் தொடங்கும். கேட்கக் கூச்சப்பட்டு ஓடுவதையே நிறுத்திவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஆண்கள் அணியின் பயிற்சித் திட்டத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

கொள்கைகள் ஒன்றுதான், எண்கள் வேறு. ஆண்கள் ஆட்டத்தில் ஃபிஃபா ஸ்பிரின்ட் என்று எண்ணுவது மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தை. வீராங்கனைகள் அணிந்து ஓடும் ஜி.பி.எஸ். கருவியில் அந்த எல்லையை மாற்றாமல் விட்டால், உயிரைக் கொடுத்து ஓடிய வீராங்கனையின் கணக்கில் பல ஓட்டங்கள் ஸ்பிரின்ட்டாகவே வராது. புதிய கருவி வாங்கியதும் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

பெண்கள் ஆட்டத்துக்கான எண்களைத் தரும் ஆய்வு பின்தங்கியதற்கு வரலாறும் காரணம். இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் 1921-இல் தன் மைதானங்களைப் பெண்களுக்கு மூடியது, ஐம்பது ஆண்டு திறக்கவில்லை. 1991-இல் சீனாவில் நடந்த முதல் பெண்கள் உலகக் கோப்பையில் ஆட்டத்தையே 80 நிமிடமாகக் குறைத்தார்கள், 90 தாங்கமாட்டார்கள் என்பது போல.

மேட்ச் இருக்கும் வாரத்தில் ஸ்பிரின்ட்டை எந்த நாளில் வைப்பது?

மேட்ச்சுக்கு மூன்று நான்கு நாள் முன்பு முழு வேகப் பயிற்சி. முந்தின நாள் 10 மீட்டர் ஓட்டம் நான்கைந்து, உடலை எழுப்பிவிட மட்டும். எல்லோரும் மறந்துவிடுவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களைத்தான். ஆடாத வீராங்கனைக்கு அந்த வாரத்தின் மிகப் பெரிய வேகச் சுமையே கிடைப்பதில்லை. மேட்ச் முடிந்ததும் அவர்களை ஆறேழு ஸ்பிரின்ட் ஓடவிட்டுப் பிறகு பஸ் ஏற்றுங்கள்.

டைமிங் கேட் வாங்க வசதியில்லை. தனியாக எப்படி அளப்பது?

போனின் ஸ்லோ-மோஷன் கேமரா போதும். பல போன்கள் வினாடிக்கு 240 படம் எடுக்கும், அதாவது ஒரு படத்துக்கு ஏறக்குறைய 0.004 வினாடி. 30 மீட்டரை டேப்பால் அளந்து இரு முனையிலும் கம்பு நடுங்கள். தொடக்கமும் முடிவும் ஒரே படத்தில் தெரியும்படி, பாதையின் நடுப்பகுதிக்கு நேராகத் தள்ளி நின்று போனை நிறுத்துங்கள். பக்கத்தில் நின்றால் கோணம் ஏமாற்றும். பின்கால் தரையை விட்டு எழும் படத்திலிருந்து மார்பு கடைசிக் கம்பைக் கடக்கும் படம் வரை எண்ணுங்கள். 1104 படம் என்றால் 240-ஆல் வகுக்க 4.60 வினாடி. இது டைமிங் கேட் காட்டும் எண்ணோடு அப்படியே பொருந்தாது, ஆனால் உங்கள் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடலாம். மூன்று முறை ஓடி, நடுவில் மூன்று நிமிடம் உட்கார்ந்து, சிறந்ததைக் குறித்துவையுங்கள். ஆறு வாரம் கழித்து அதே தரை, அதே பூட், காற்று அடங்கிய நேரம். வித்தியாசம் 0.05 வினாடிக்குள் இருந்தால் முன்னேற்றம் என்றோ பின்னடைவு என்றோ எதுவும் எழுதாமல், அடுத்த ஆறு வாரத்துக்குத் தேதி போட்டுவிடுங்கள்.